திறக்காத எக்செல்

வண்டியூரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் ரத்ததானக் குழு நடத்துகிறார். அவருக்கு ஒரு சின்ன வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ரத்த வகையைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால், கொடுப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் எக்செல் ஃபைலாகப் பிரவுசரில் இறங்கும். யார் நம்பரும் திரையில் தெரியக் கூடாது என்று அக்காதான் அப்படிக் கேட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பரவை மார்க்கெட் பக்கம் லாரிகள் குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. அக்கா போன் செய்தார். பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஓ நெகட்டிவ் வேண்டுமாம். அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கே ஓடி வந்துவிட்டாராம்.

"ஃபைல் இறங்குது தம்பி. தொறந்தா கெட்டுப்போச்சுன்னு காட்டுது."

அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகப் படித்தார். அதற்குக் கீழே பெயரோ நம்பரோ இல்லை, எல்லாம் புரியாத குறிகளாம். புரிந்துவிட்டது. சர்வர்காரர்கள் முந்தின நாள் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். அதில் கிளம்பிய ஓர் எச்சரிக்கை வாசகம் ஃபைலின் தலையில் ஒட்டிக்கொண்டு வருகிறது; அதனால் எக்செல் அதைத் திறக்க மறுக்கிறது. அனுப்புவதற்கு முன் அதைத் துடைத்துவிட ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் சர்வருக்குள் போகும் வழி எங்கள் திருநகர் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆபீஸ் பூட்டியிருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. எனக்கோ பி பாசிட்டிவ்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்தேன். ஏறிய ஆட்டோவும் கொஞ்ச தூரத்தில் நின்றுபோனது.

அக்கா கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, தன் போனில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் ஒருவர், "இந்தா வாரேன்க்கா" என்றிருக்கிறார். நான் ஆபீஸைத் திறந்து அந்த வரியை எழுதி முடித்தபோது அவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ரத்தம் வருவதற்கு முன்னாலேயே பிள்ளை போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார்.

அடுத்த வாரம் நான் அக்கா கடையில் இருந்தபோது அந்தப் புருஷன் நன்றி சொல்ல வந்தார். நான் யாரென்று அக்கா சொன்னதும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்த ஃபைல் ஏண்ணே தொறக்கல?"

சொல்ல வாயெடுத்தேன். சர்வரில் ஏதோ மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். இப்போது திறக்கிறதா என்று கேட்டார்.

"தொறக்குதுண்ணே" என்றேன்.