பச்சைக் காயை நகர்த்தியது யார்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியானால் எங்கள் குடும்பம் கைப்பேசிக்குள் கூடிவிடும். நான்கு மூலை, நான்கு நிறம், நடுவில் உருள ஒரு பகடை. மஞ்சள் அக்காவுக்கு, மேலகரம் வீட்டில். சிவப்பு அவள் மகளுக்கு, பெங்களூரில், ஆபீஸ் மேசைக்கு அடியில் ஒளித்துப் பிடித்த போனில். நீலம் எனக்கு, குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் வரவேற்பு மேசையில், ஈரத் துண்டோடு சாவி கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே. பச்சை அத்தானுக்கு. அவருக்கு அது விடுமுறை நாள். கடல் தாண்டிய ஒரு நகரத்தில், நான்கு பேர் படுக்கும் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் சாய்ந்துகொண்டு ஆடுவார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அக்காவும் அவரும் ஒரே தரையில் சேர்ந்து இருந்த காலத்தைவிட இந்த லூடோ பலகையில் சேர்ந்து நடந்த காலம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஒரு காய் முன்னே, ஒரு காய் பின்னே, நட்சத்திரக் கட்டத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும்போது அக்கா ஆட்டத்தையே மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் காயை வெட்ட மாட்டார். மகள் காயை வெட்டுவார், என் காயைத் துரத்தித் துரத்தி வெட்டுவார். மஞ்சள் எதிரே வந்தால் மட்டும் வேறு காயை நகர்த்தி விலகிப் போவார். தோற்றாலும் சரி.

"அப்பா, இது கள்ள ஆட்டம்! அம்மா காய வெட்டு!" என்று போனுக்குள்ளிருந்து மகள் கத்துவாள்.

"ஏட்டி, அந்தக் காய வெட்டிட்டு நான் ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவேன்?"

"அப்படியே வந்து கிழிச்சிட்டாலும்" என்பாள் அக்கா. சொல்லும்போது குரலில் ஒரு சிரிப்பு ஓடும்.

வெள்ளிக்கிழமை அறைக்கே அத்தான்தான் சமையல். அடுப்படி நடைவழியின் அந்தக் கோடியில். பாதி ஆட்டத்தில், "மாப்ள, குழம்பு கொதிச்சிட்டு, ஆட்டோல போட்டுட்டுப் போறேன்" என்பார். ஆட்டோ என்பது ஒரு பொத்தான். தட்டிவிட்டால் நமக்குப் பதிலாக அந்த விளையாட்டே பகடை உருட்டி, காயை நகர்த்திக்கொண்டிருக்கும். தட்டாமல் எழுந்து போனாலும், இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுத் தானே ஆட ஆரம்பித்துவிடும். அதற்கு மஞ்சள், சிவப்பு என்ற பேதம் கிடையாது. கிடைத்ததை வெட்டும். கரண்டியோடு திரும்பி வந்து பார்த்துவிட்டு அலறுவார்: "ஐயோ, அது நானில்லட்டி! மெஷினு! நான் மீனு கழுவிட்டு இருந்தேன்!"

"மெஷினுக்கு எம்மேல என்ன கோவமாம்? அத போன்ல வரச் சொல்லுங்க, நான் கேக்கேன்" என்பாள் அக்கா.

இதெல்லாம் மைக் திறந்திருந்த காலம்.

அந்த வருடம் சாரல் தொடங்குவதற்கு முன்பே மைக் மூடிக்கொண்டது. அத்தானுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சர்க்கரை வேறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். போதும், வந்துவிடுங்கள் என்றாள் அக்கா. இன்னும் ஒரு வருஷம் என்றார் அவர். அந்த ஒரு வருஷத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். குரல் செய்தி ஒன்று அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அழவில்லை, சத்தம் போடவில்லை, கடைக்காரரிடம் அரிசி விலை கேட்கிற குரல்: "இந்தச் சீசனோட வாரதா இருந்தா வாங்க. இல்லன்னா பொறவு வரவே வேண்டாம். ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க."

அவர் கேட்டுவிட்டார் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் பச்சை வந்துவிட்டது. மஞ்சளும் வந்தது. இருவரும் மைக்கைத் திறக்கவில்லை. மகளும் நானும் கொஞ்சம் பேசிப் பார்த்து, எங்கள் குரல் எங்களுக்கே கூச்சமாகி, நாங்களும் மூடிவிட்டோம். அதன்பிறகு சாவு வீட்டில் ஆடுவது போல ஆடினோம். பகடை உருளும் சத்தம் மட்டும். அப்போதும் பச்சை மஞ்சளை வெட்டவில்லை. சுற்றிக்கொண்டு போனது, பின்னால் ஒதுங்கி நின்றது, தன் முறையை வீணாக்கியது. அக்கா அதைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தாள். "வருவாருலே. வராத ஆளு இப்படி ஆடுவாரா?" என்றாள் ஒருநாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை அருவிகளில் வெள்ளம். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. லாட்ஜில் ஈ காக்கை இல்லை. நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் மேலகரம் போய்விட்டேன். கூடத்தில் அக்காவும் நானும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ஆடினோம். வெளியே சாரல் ஓட்டுமேல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. எல்லோருடைய காய்களும் நின்று நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவின. யார் யோசித்து ஆடுகிறார்கள், யார் அவசரமாக ஆடுகிறார்கள் என்று எதுவும் தெரியாத ஆட்டம்.

அக்காவின் கடைசிக் காய் வீடு திரும்பும் பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் பழம். பின்னால் பச்சைக் காய் ஒன்று. நகர்த்துவதற்கு அவரிடம் வேறு காய்களும் இருந்தன. பகடை உருண்டது. பச்சை தாவி வந்து மஞ்சளின்மேல் உட்கார்ந்தது. மஞ்சள் சர்ரென்று பின்னோக்கி ஓடி, முதல் கூட்டுக்குள் போய் விழுந்தது.

அக்கா போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தியால. வெட்டிட்டாரு."

"அக்கா, அது ஆட்டோவா இருக்கும். சமையல்ல நிப்பாரு."

"அவரு பதில சொல்லிட்டாரு. வாயால சொல்லத் தைரியமில்லாம காயால சொல்லிட்டாரு."

ஆட்டத்திலிருந்து வெளியேறினாள். அடுக்களைக்குப் போய் எதற்கென்றே இல்லாமல் கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். போன் அடித்தது. அத்தானின் எண். எட்டிப் பார்த்துவிட்டு வெட்டினாள். திரும்ப அடித்தது.

"எடுக்கா."

"எதுக்கு? வெட்டிட்டு சமாதானம் பேசவா? சும்மா கெட."

மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினாள். பிறகு போனை அணைத்துப் பீரோமேல் வைத்துவிட்டு, "காப்பி குடிச்சிட்டுப் போறியா?" என்று கேட்டாள், முகத்தை என் பக்கம் திருப்பாமல்.

குடித்துவிட்டுக் கிளம்பினேன். பழைய குற்றாலம் சாலை திரும்பும் இடத்தில் சட்டைப் பைக்குள் என் போன் அதிர்ந்தது. மரத்தடியில் வண்டியை நிறுத்தி எடுத்தேன். அத்தானின் எண்தான். குரல் வேறு. அதே அறையில் தங்கியிருக்கும் அச்சன்புதூர்க்காரர்.

"அண்ணாச்சி அடுப்புகிட்ட விழுந்து கெடந்தாரு. நாங்க தொழுதுட்டு வந்துதான் பாத்தோம். வண்டில ஏத்தும்போது நெனவு இருந்துச்சு. வீட்டுக்குப் போனப் போடு, அவகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்னாரு. நானும் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

மழையில் நின்றேன். என் தலைக்கு மேலே மரம் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி மேலகரம் போகவேண்டிய அந்தக் கொஞ்ச தூரம் என் வாழ்க்கையில் நான் போன மற்ற எல்லாத் தூரத்தையும்விட நீளமாகக் கிடந்தது.

உடல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. மலைப்பாதையில் ஆம்புலன்சுக்குப் பின்னால் வேனில் வந்தோம். அக்கா மகள் என் தோளில் தூங்கினாள், விழித்தாள், அழுதாள், தூங்கினாள். செங்கோட்டை தாண்டும்போது சாரல் நின்று வெயில் அடித்தது. எனக்கு அந்த வெயில்மேல் ஆத்திரமாக வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அச்சன்புதூர்க்காரருக்கு நான் போன் செய்தேன். அத்தான் எப்போது எழுந்து அடுப்படிக்குப் போனார், போன் எங்கே இருந்தது என்று கேட்டேன். போன் கட்டிலில் கிடந்தது, ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது என்றார். எப்போது எழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அறையில் அப்போது யாரும் இல்லை.

எனக்கு அதுவே போதும் என்று பட்டது. அக்காவுக்கு அருகில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "அக்கா, போன் கட்டில்லதான் கெடந்திருக்கு. அவரு அடுப்படில இருந்திருக்காரு. ஒன் காய வெட்டினது மெஷினுதான். அத்தான் வெட்டல. அவரு அப்படிப் பதில் சொல்லல."

சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் இளகும் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கண்டியா?"

"இல்ல. ஆனா..."

"அவருதான் வெட்டினாரு."

"அக்கா, நான் சொல்லுதத கேளு..."

"நீ கேளுல. மெஷினு வெட்டிச்சுன்னா அந்நேரம் அவரு எங்கன கெடந்தாரு? தரையில. நான் இங்கன உக்காந்து வெட்டிட்டாரே வெட்டிட்டாரேன்னு கத்துதேன், அங்கன அவரு தரையில கெடக்காரு. அப்படின்னா சொல்லுத?" குரல் உடையவில்லை. அரிசி விலை கேட்கிற அதே குரல். "அவருதான் வெட்டினாரு. கட்டில்ல நல்லா சாஞ்சி உக்காந்துட்டு, எம்மேல கோவத்துல, யோசிச்சு, வெட்டினாரு. அதுக்குப் பொறவுதான் எந்திரிச்சுப் போனாரு."

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். "அவருதான்."

அக்கா தலையை ஆட்டினாள். தன்மேல் கோபமாக இருந்த ஒரு மனிதரோடு அவள் இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள்.