நடுவில் இறங்கும் டிக்கெட்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தள்ளுபடி அக்கா என்பார்கள். அவசரத்தில் வெறும் தள்ளுபடி. பதினாறு வருடமாக மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருப்பவள். சோப்பு எந்தக் கடையில் எந்தக் கிழமை விலை இறங்கும், வெளியூர் போனால் எதை இங்கேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும், விமான நிலையத்துக்குள் எந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். விமான டிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். கூடத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வருவார்கள்.

அந்த முறை பயணம் அவளுக்கே. தங்கைக்குக் கர்ப்பப்பையில் கட்டி. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். அப்போது நடுக்கடலில் இருந்தார்.

"நீ வந்துருவேல்லக்கா? கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணுமாம்" என்று தங்கை நாலு தடவை கேட்டுவிட்டாள்.

தங்கை ஊருக்கு நேராக டிக்கெட் எடுத்தால் யானை விலை. அதே விமானத்தில் தங்கை ஊர் வரை போய், அங்கே வேறு விமானம் மாறி இன்னொரு ஊருக்குப் போகிற டிக்கெட் அதில் பாதிதான். அந்தக் கடைசி ஊரில் அவளுக்கு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நடுவில் இறங்கி, மாறுகிற விமானத்துக்குப் போகாமல் வாசல் வழியே நடந்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்பவர் மட்டும் இழுத்தார். "பாத்து. அப்படி இறங்குறவங்களைப் ஏர்லைன்காரன் பட்டியல் போட்டு வச்சிருக்கானாம். ஒருத்தரை ரூம்ல உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் விசாரிச்சாங்களாம்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்க மச்சானோட பார்ட்னர்."

அவள் சிரித்துவைத்தாள். ஆனால் அன்றைக்குப் பதித்த முன்பல் இரண்டும் கோணிக்கொண்டு போயின. மெழுகை உருக்கி மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போனபோது அவள் உடம்பில் மூன்று சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு. சரக்கில் போட்டால் பை கடைசி ஊருக்கே போய்விடும்; கையில் வைத்துக்கொள்ள ஏழு கிலோதான் அனுமதி. உடம்பில் போட்டுக்கொண்டால் எடை போட மாட்டார்கள். தங்கைக்கு வாங்கிய இரவு உடையும் மருந்துகளும் கைப்பையில். எல்லாம் கணக்காக இருந்தது, பலகையில் தன் விமானத்துக்கு நேரே 'ரத்து' என்ற எழுத்தைப் பார்க்கும்வரை.

கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் கணினியைத் தட்டினாள். சட்டென்று முகம் மலர்ந்தாள்.

"உங்களுக்கு நல்ல நேரம் மேடம். பதினொண்ணு பத்துக்கு நேர் ஃபிளைட் இருக்கு. நடுவுல மாற வேணாம். நேரா கடைசி ஊருக்கே போயிடலாம், காசு எதுவும் கூட இல்ல. மாத்திட்டேன்."

அவள் அவசரமாகக் கையை ஆட்டினாள். "இல்லம்மா, நான் வந்து... பழையபடியே போறேனே."

"எதுக்கு மேடம், சுத்திக்கிட்டு?"

நடுவில் சிநேகிதி ஒருத்தி பார்க்க வருவாள் என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கவுன்ட்டருக்குப் பின்னே கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. விசாரிக்கிற அறை அதுதான் என்று மனம் முடிவே கட்டிவிட்டது. புது போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

விமானம் ஏறும் வாசலுக்கு எதிரே உட்கார்ந்தாள். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கழற்றினால் மூன்று சட்டை தெரியுமே என்று கழற்றவில்லை. அந்தக் கடைசி ஊரிலிருந்து தங்கை ஊருக்குப் பேருந்து உண்டா என்று போனில் தேடினாள். இரவு ஏழு மணிக்கு ஒரே ஒரு பேருந்து, பதினைந்து மணி நேரம். விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். எப்படி எண்ணினாலும் எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேர வழியில்லை.

சிப்பந்தி ஒருவர் வந்தார். "ஃபிளைட் ஃபுல்லும்மா. பையைக் குடுங்க, கீழ சரக்குல போட்டுடறோம்." அவள் தடுப்பதற்குள் சீட்டு ஒட்டி எடுத்துப் போய்விட்டார்.

அப்போது தங்கை கூப்பிட்டாள். "அக்கா, ஏறிட்டியா?"

"வந்துட்டே இருக்கேண்டி."

"நர்ஸ் வந்து வயித்துல பேனாவால கோடு போட்டுட்டுப் போனாங்க. எனக்கு ஒரே பயமா இருக்கு. நீ வந்தாச் சரியாயிடும்."

போனை வைத்தாள். வரிசை நகரத் தொடங்கியது. அவளும் எழுந்து நின்றாள். முன்னால் எட்டுப் பேர், ஆறு பேர், மூன்று பேர். போர்டிங் பாஸை நீட்ட வேண்டிய இடத்தில் கை நீளவில்லை.

"நான் இந்த ஊருக்குப் போக வரலம்மா" என்றாள். "என் தங்கைக்கு நாளைக்கு ஆபரேஷன். நடுவுல இறங்கத்தான் டிக்கெட் எடுத்தேன். விலை கம்மின்னு எடுத்தேன். தப்புதான்."

வாசலில் இருந்த பெண் யாரையோ கூப்பிட்டாள். மேற்பார்வையாளர் வந்தார், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டவர்.

"பை உள்ள போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்" என்றாள் அந்தப் பெண்.

"ஆள் ஏறலேன்னா பையை இறக்கணும். ஓரமா நில்லுங்க."

எல்லோரும் ஏறிய பிறகும் விமானம் கிளம்பவில்லை. கண்ணாடிச் சுவர் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு ஆட்கள் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒவ்வொரு பையாக இழுத்துப் போட்டுச் சீட்டைப் படித்தார்கள். இது இல்லை, இது இல்லை. சன்னல்களில் வரிசையாக முகங்கள்; அத்தனையும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு விமானத்தையே நிறுத்தி வைத்திருக்கிறோம், இதற்கு எவ்வளவு கேட்பார்கள், வீட்டை விற்றாலும் கட்ட முடியுமா, வேலைக்கு ஆபத்து வருமா என்று மனம் கண்டபடி ஓடியது. உட்காரலாமா என்று கேட்கவும் பயம்.

இருபத்து மூன்று நிமிடம் கழித்துப் பை வந்தது. விமானம் நகர்ந்தது. மேற்பார்வையாளர் அவளை அந்தக் கண்ணாடிக் கதவு அறைக்கே கூட்டிப்போனார். உட்காரச் சொன்னார். கணினியில் ஏதோ நெடுநேரம் தட்டினார்.

"என்னை என்ன பண்ணுவீங்க சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பண்றது? இந்த டிக்கெட் போச்சும்மா. புதுசா எடுக்கணும். உங்க தங்கை ஊருக்கு நாலு மணி ஃபிளைட்ல ஒரே ஒரு சீட் இருக்கு. காலையிலயே கவுன்ட்டர்ல சொல்லியிருந்தா ஒரு மணி ஃபிளைட்லயே சீட் கிடைச்சிருக்கும்."

புது டிக்கெட்டின் விலை, முதலிலேயே நேராக எடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட ஒன்றரை மடங்கு. மறுபேச்சில்லாமல் கட்டினாள். கிளம்பும்போது அவர் மறுபடியும் ஏதோ தட்டினார். என்ன எழுதினார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று இரவு ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். தங்கை அவளைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். "என்னக்கா, இப்படிக் குண்டாயிட்டே?" கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரைக் கழற்றி, ஒவ்வொரு சட்டையாகக் கழற்றும்போது தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே சட்டையெல்லாம் பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது.

மறுநாள் ஆபரேஷன் இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. கட்டி கெட்டது இல்லை என்று அடுத்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. ஊர் திரும்ப அவள் விமானம் ஏறவில்லை. கவுன்ட்டரில் பெயரைத் தட்டியதும் ஏதாவது வந்து நின்றுவிடுமோ என்று, பத்தொன்பது மணி நேரம் பேருந்தில் இடுப்பொடிய வந்தாள்.

மூன்று வாரம் கழித்து விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். அவள் திறக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கணவரிடம் போனை நீட்டி, "நீங்களே படிங்க. எவ்வளவு கேக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் படித்தார். "உங்க பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் குடுக்குற?"

"அதைத் தொடாதீங்க" என்றாள் அவள்.