மூன்றாம் வரியை எடுக்கச் சொன்னவர்

லண்டன் நோர்பரியில் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது கைபேசி ஒலித்தது. எங்கள் ஹைக்கூ வட்டத்தின் வாட்ஸ்அப் குழு. ஒரு தாமரைப் படம், அதன் கீழே, "எங்கள் இராசநாயகம் அண்ணை இன்று காலை இறைவனடி சேர்ந்தார்." கடைக்காரத் தம்பிக்கும் செய்தி வந்திருக்க வேண்டும். "அக்கா, ராசநாயகம் ஐயா போயிட்டாராம். நல்ல மனுசன்" என்றார். "நல்ல மனுசன் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைத் தராசில் வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்காக அவருடைய மகள் தொலைபேசியில் கேட்டாள். "அன்ரி, அப்பாவைப் பற்றி நல்லதா ஏதும் எழுதித் தாங்கோ." "நல்லதா வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ பிள்ளை. நான் உள்ளதைத்தான் எழுதுவன்" என்றேன். "ஓம் அன்ரி, உள்ளதையே எழுதுங்கோ. மற்ற எல்லாரும் அவரைச் சாமியாக்கிப் போட்டினம்" என்றாள்.

உண்மைதான். இறுதிக்கிரியையில் பேசியவர்களைக் கேட்டீர்கள்தானே? பூப்போன்ற மனமாம். சாந்த சொரூபியாம். அட கடவுளே! அவரிடம் திட்டு வாங்காத ஒருவர் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் கையைத் தூக்கட்டும். என் கையால் சுட்ட ரோல்ஸை நாலு சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே என் கவிதையைக் கிழித்துத் தொங்கவிட்ட மனிதர் அவர். மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர் என்பதால் கவிதையையும் வேளைக்கு இத்தனை என்று அளந்து கொடுக்கலாம் என நினைத்தாரோ என்னவோ. யப்பானுக்குப் போனதில்லை. அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆங்கிலத்தில் படித்ததை வைத்துக்கொண்டுதான் எங்களுக்குச் சட்டாம்பிள்ளையாக இருந்தார்.

வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, தென் லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் கூடுவோம். வந்தவுடன் கதிரையில் இருக்க விடமாட்டார். மழையோ பனியோ, முதலில் ஆற்றங்கரையில் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. திரும்பி வந்து, கண்டதை மூன்று வரியில் எழுத வேண்டும். ஒரு தை மாதம், மூக்கு உறைந்துபோகும் குளிர். மலேசியாவிலிருந்து வந்து இங்கே வங்கியில் வேலை செய்யும் செல்வம், மாந்தோப்பில் கூவும் குயிலைப் பற்றிப் படித்தார். நாங்கள் தலையாட்டினோம். நாங்களும் அதே மாதிரிப் பனையும் மல்லிகையும் எழுதி வைத்திருந்தோமே!

"குயில் எங்கை கூவினது?" என்றார் அண்ணை.

"சும்மா ஒரு கற்பனைதாங்க."

"நானும் உங்களோடைதானே நடந்தனான். ஆத்துக்குள்ளை ஒரு சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி கவிண்டு கிடந்தது. அதுக்கு மேலை சாம்பல் கொக்கு ஒண்டு அசையாமல் நிண்டது. அதை ஏன் விட்டனீங்கள்? அது தமிழ்க் கொக்கு இல்லையெண்டோ?"

செல்வம் பாவம், முகம் செத்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டனில் முப்பது வருடம் கிடந்தும் எங்கள் கவிதைக்குள் லண்டன் வராததை அவர் சொல்லித்தான் நாங்கள் கண்டோம் என்பது வேறு விடயம். அதைச் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவருக்கு ஆகவே ஆகாதது மூன்றாம் வரிதான். இரண்டு வரியில் எதையாவது பார்த்துவிட்டு மூன்றாவதில் நாங்கள் பிரசங்கம் வைக்கிறோமாம். "யப்பானியக் கவிதையிலை மழை பெய்தால் மழைதான் பெய்யும். நாங்கள் அதைப் பிடிச்சுக் கண்ணீராக்கிப் போடுவம், இல்லாட்டில் அருளாக்கிப் போடுவம்" என்பார். என்னுடைய மூன்றாம் வரியில் எப்போதும் முருகன் இருப்பான். இருக்கத்தான் செய்வான், அவனில்லாமல் நான் இந்த நாட்டில் எப்படிக் காலம் தள்ளியிருப்பேன்? ஒருமுறை கேட்டே விட்டேன், "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையோ?" "இருக்கு. அதாலைதான் அவரின்ரை பேரை மட்டும் சொல்லிப்போட்டு அவரைத் தப்ப விடாதேங்கோ எண்டு சொல்லுறன்" என்றார். மனிதரின் திமிரைப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலர் நேரில் கண்டது. என் கணவர் இறந்து, முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த பிறகு முதல்தடவையாகக் கூட்டத்துக்குப் போனேன். கையில் ஒரு கவிதை.

பின்வாசலில் அவர் செருப்பு
மழைநீர் தேங்கிக் கிடக்கிறது
முருகா, உன் பாதமே கதி

படித்து முடித்ததும் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அண்ணை கடதாசியை வாங்கிப் பார்த்தார். "மூண்டாம் வரியை எடுங்கோ" என்றார்.

"என்ரை மனுசன் செத்துப் போனார். என்ரை முருகன் உங்களுக்கு இடைஞ்சலோ?"

"முருகன் இடைஞ்சலில்லை. நீங்கள் இன்னும் அந்தச் செருப்பைப் பார்க்கேல்லை."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் அவரை வாய்க்குள் திட்டினேன். கல்நெஞ்சன், நாசமாய்ப் போவான் என்றெல்லாம். வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் பின்கதவைத் திறந்தேன். பார்த்துத் தொலைக்கலாம் என்ற ஆத்திரம்தான்.

பார்த்தேன். தண்ணீர் செருப்பு முழுவதிலும் தேங்கியிருக்கவில்லை. என் கணவரின் குதிக்கால் அழுந்திய பள்ளத்திலும் ஐந்து விரல்கள் பதிந்த குழிகளிலும் மட்டும்தான் நின்றது. பெருவிரல் குழியில் ஒரு சின்னப் பூச்சி நீந்தியது. அவருடைய பாதம் அங்கேயே இருந்தது. நான் அதைத் தாண்டி வேறு பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். செத்த வீட்டில், "அவர் சாமியிட்டைப் போயிட்டார், அழாதே" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அழவில்லை. அன்றைக்கு அந்த வாசற்படியில் குந்தியிருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். அழுது முடிந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. கோயிலில்கூட அப்படி இருந்ததில்லை.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சில மாதம் கழித்து வட்டத்துக்குத் திரும்பிப் போனேன், வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்தில் என்னை உதாரணமாக நிறுத்திவைத்து ஒரு மணித்தியாலம் பேசியிருப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வைத்தியசாலையில் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப ஏலாமல் மல்லாந்து கிடந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் விடவில்லை.

"வெளியிலை என்ன?"

"கட்டடம்."

"இன்னும்?"

"மழை."

"இன்னும்?"

எரிச்சலோடு எழும்பி யன்னலடிக்குப் போனேன். "எதிர்க் கூரையிலை ஒரு புறா. ஒற்றைக் காலிலை நிக்குது."

"மற்றக் கால்?"

"தூக்கி வைச்சிருக்கு." உற்றுப் பார்த்தேன். "இல்லை அண்ணை. மற்றக் கால் இல்லை."

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் என்னவோ ஒரு திருப்தி. "இன்னும்?" என்றார். அவர் நித்திரையாகும் மட்டும் நான் சொல்லிக்கொண்டே நின்றேன். செருப்பின் கதை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "இன்னும்?" ஒன்றுதான். அது என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. நேற்று நோர்பரியில் பேருந்துக்கு நின்றபோது, நல்ல வெயில், முருகா நன்றி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்க முடியவில்லை. நடைபாதை வெடிப்பில் ஒரு மஞ்சள் பூ, அதன் நிழல் பூவைவிட நீளம், நிழலுக்குள் ஓர் எறும்பு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி நகர்ந்து போனாள்.

கேட்க ஆளில்லை. அண்டைக்குச் செருப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, இராசநாயகம் அண்ணை. இதைக் கேட்டிட்டுப் போயிருக்கலாம், பொல்லாத மனுசன்.