படிக்காமல் விட்ட சீட்டு

சேலையூரில் எங்கள் காலனி சங்க ஹாலில் ஞாயிறுதோறும் வளரிளம் பெண்களுக்கு உடல்நல வகுப்பு எடுத்தேன். கூச்சமில்லாமல் கேட்கட்டும் என்று ஓர் அட்டைப்பெட்டி வைத்தேன். பெயர் போடாமல் சந்தேகத்தை எழுதிப் போட்டால், எல்லோர் முன்னாலும் படித்துப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆனால் முந்தின நாளே பெட்டியைத் தனியாகத் திறந்து, வம்பான சீட்டுகளை எடுத்துவிடுவேன். ஒருமுறை ஒரு சீட்டில், “ஒரு தடவைன்னா குழந்தை உண்டாவாதுன்னு அவன் சொல்றான். நெஜமா மிஸ்?” என்று இருந்தது. சங்கத்துக்காரர்கள் காதுக்குப் போனால் ஹாலைத் தரமாட்டார்கள் என்று பயந்து, அதைக் கைப்பைக்குள் திணித்தேன். மறுநாள் ரத்தசோகைக்கு முருங்கைக்கீரை நல்லது என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

சில மாதங்களில், பத்தாவது படிக்கும் ஒரு பெண் வருவதை நிறுத்தினாள். வீடு தேடிப் போனேன்.

“நாலு மாசமாம் மிஸ். உங்க கிளாசுக்குத்தானே அனுப்பிச்சேன்?” என்று அவள் அம்மா அழுதார்.

அந்தப் பெண் அழவில்லை. “எழுதிப் போட்டேன் மிஸ். நீங்க படிக்கவேயில்ல. அவன் சொன்னது சரிதான் போலன்னு நெனச்சிக்கினேன்” என்றாள்.

ஹால் மட்டும் பத்திரமாக இருந்தது.

இப்போது பெட்டியை அவர்கள் முன்னால்தான் திறக்கிறேன். ஒவ்வொரு புது வகுப்பிலும் நான் முதலில் படித்துக் காட்டுவது, என் கைப்பையில் கசங்கிக் கிடக்கும் அந்தச் சீட்டைத்தான்.