சென்றாயன் சொன்னது

ஹரிணி மன்னார்குடிப் பெண். டாக்டருக்குப் படித்து முடித்து, சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. அதில் பத்துப் பதினைந்து சொற்களை அவள் பிடித்து வைத்திருந்தாள். வண்டியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து வந்த ஒருவனுக்குத் தையல் போட்டபோது, கூட வந்தவர்கள் "மந்து கொட்டினாடு" என்று சிரித்தார்கள். குடித்திருக்கிறான் என்று நர்ஸ் மணிமேகலை விளக்கினாள். அந்தச் சொல் அப்படித்தான் ஹரிணி மனதில் பதிந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவுக்காகப் பசுமைக்குடில்களில் ராத்திரி பகல் பாராமல் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். சுகாதார நிலையத்தில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. பதினோரு மணி வாக்கில் சென்றாயன் என்கிற ஆள் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். நாற்பது வயதிருக்கும். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். மூன்று தடவை வாந்தி என்று கையால் காட்டினான். ஏன் என்று கேட்டாள்.

"மந்து கொட்டினானு மேடம்," என்றான்.

காலையிலேயேவா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவன் மேல் வீசிய நெடியையும் சாராயம் என்றே எடுத்துக்கொண்டாள். சீட்டில் மது என்று எழுதி, வாந்திக்கு ஓர் ஊசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எழுதிக் கொடுத்தாள். குடியை நிறுத்தச் சொன்னாள். அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். ஊசி போட்ட மணிமேகலைக்கும் அன்றைக்குச் சீட்டைத் தவிர எதையும் பார்க்க நேரமில்லை.

சென்றாயன் வெளியே புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம் கழித்து, யாரோ விழுந்து கிடப்பதாகச் சொல்லி மணிமேகலை ஓடி வந்தாள். ஹரிணி போய் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கிக் கிடந்தது, பூச்சிமருந்து விஷத்தின் அடையாளம். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு நேராக வந்திருக்கிறான். தெலுங்கில் குடிப்பதற்கும் மருந்தடிப்பதற்கும் அதே சொல்தான்; அவன் இதைத்தான் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறான்.

அதற்கான மாற்று மருந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். ஆம்புலன்ஸில் தானும் ஏறி, வழியெல்லாம் செயற்கை மூச்சுப்பையை அழுத்திக்கொண்டே போனாள். கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்கு முன்பே அவன் உயிர் போய்விட்டது.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து ஓர் ஏட்டு வந்தார். அந்தச் சீட்டைப் பார்த்தார். குடிபோதையில் விஷத்தைக் குடித்துவிட்டதாக, அவன் வேலை பார்த்த ரோஜாத் தோட்டத்துக்காரர் தரப்பில் சொல்கிறார்கள், சீட்டும் ஒத்துப்போகிறதே என்றார். ஹரிணி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். கூடப் படித்த வெங்கட்டுக்குப் போன் போட்டாள். எதையும் கைப்பட எழுதிக் கொடுக்காதே, இந்த வேலையில் இதெல்லாம் நடக்கும் என்றான் அவன். ஊருக்கு வந்துவிடு என்றாள் அம்மா.

புதன்கிழமை மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, சென்றாயன் மனைவி முனிலட்சுமி வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு குடிக்கறதே இல்லைங்க மேடம். ஆளுக்கு ஆள் என்னென்னமோ சொல்றாங்க. கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காரு. என்ன சொன்னாரு?"

ஹரிணியும் எழுந்து நின்றாள். பிறகு சொன்னாள். அவர் மருந்து அடித்ததைத்தான் சொன்னார், நான்தான் குடித்ததாக எடுத்துக்கொண்டேன், அப்போதே கண்ணைப் பார்த்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

முனிலட்சுமி அதன்பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள். பிறகு, "இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

ஹரிணி அவள் எதிரிலேயே எழுதினாள். அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, அதற்கு அர்த்தம் எழுதி, தான் புரிந்துகொண்ட தவறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை முனிலட்சுமி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். இன்னொன்று ஏட்டுக்குப் போயிற்று.

தற்கொலை என்ற பேச்சு அதோடு நின்றது. வேலையில் நேர்ந்த சாவு என்று வழக்கு பதிவாயிற்று. முகமூடி கொடுக்காமல், மூடிய குடிலுக்குள் மருந்தடிக்க விட்டதாகத் தோட்டத்துக்காரர் மேல் விசாரணை வந்தது. ஹரிணிக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எதையும் மறுக்காமல் பதில் எழுதினாள். ஓர் ஆண்டு சம்பள உயர்வை நிறுத்தினார்கள். இடமாற்றம் கேட்டு எழுதிய மனு மட்டும் பல நாள் கைப்பையிலேயே கிடந்தது. ஒருநாள் அதையும் கிழித்துப் போட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, முனிலட்சுமி மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றாள். காய்ச்சல். பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி கிடையாது. அவள் முறை வந்ததும் மணிமேகலை எழுந்து, தானே பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினாள். வேண்டாம் என்று ஹரிணி தலையசைத்தாள்.

பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். எத்தனை நாளாக, வாந்தி உண்டா, தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டாள். முனிலட்சுமி அவள் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி நிறுத்தித் தமிழிலேயே பதில் சொன்னாள். சொல்லி முடித்ததும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதும்மா," என்று சொல்லி, ஹரிணி பிள்ளையைக் கை நீட்டி வாங்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.