ஓரத்தில் எழுதும் நர்ஸ்

வெர்னா ஸ்டோக்ஸ் நாவலைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார். கடைசிப் போர் எந்த அத்தியாயத்தில் என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு பென்சிலைச் செருகிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். அத்தனையும் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விண்வெளிப் போர் நாவல்கள். ஆசையாகப் படிக்கிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். சண்டை போடத்தான் படிக்கிறார்.

வயது அறுபத்திரண்டு. வியட்நாமில் கூடார ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் நர்ஸாக இருந்தவர். இப்போது, 2005-ல், அமெரிக்காவின் வட கரோலினாவில், ராணுவ முகாமின் வாசலுக்கு எதிரே உள்ள நூலகத்தில் சம்பளமில்லாத வேலை. காபி ஆறிப்போகும், பென்சில் ஓயாது.

ஒரு நாவலில் பேரரசின் சபை கைதூக்கி, ஒரே பத்தியில் போரை முடிவுசெய்துவிடுகிறது. ஓரத்தில் வெர்னா எழுதினார்: 'கை தூக்கினவங்கள்ல யார் வீட்டுப் பிள்ளை அந்தக் கப்பல்ல போனான்?' இன்னொன்றில், 'நாற்பதாயிரம் பேர் மாண்டனர், இழப்பு ஏற்கத்தக்கது' என்கிறார் தளபதி. அடுத்த வரியிலேயே வெற்றி விருந்து. வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பொணத்தையெல்லாம் யாருய்யா தூக்கினது?'

செவ்வாய்க்கிழமை வாசகர் வட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற கர்னல் டோபின். இளம் அதிகாரிகளுக்கு அவரே சிபாரிசு செய்யும் நாவல்கள் இவை. பொறுப்பாரா?

"வெறும் கதை வெர்னா! அதுல இருக்கிற வியூகத்தைப் பாருங்க, அரசியலைப் பாருங்க."

"உங்க வியூகம் முடிஞ்சப்புறம் மிச்சத்தை வாளியில அள்ளினவ நான். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"இன்னைக்குள்ள எல்லாத்தையும் அழிக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதீங்க."

வீட்டில் ஒருவரும் அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கும் ஒரே இடம் இந்தப் புத்தக ஓரங்கள்தான். அதற்கும் வந்தது வேட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பரை எடுத்தார். மொத்தம் பதினோரு புத்தகங்கள். கர்னல் எதிரே நின்று மேற்பார்வை பார்த்தார், ஏதோ அணிவகுப்பு நடப்பதுபோல.

ஒன்பதாவது புத்தகத்தில் வெர்னாவின் கை நின்றது. பிணத்தை யார் தூக்கினது என்ற கேள்விக்குக் கீழே, நீல மையில், யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள்: 'நாங்க நாலு பேர். ஈராக், ஃபலூஜா. போன நவம்பர்.'

இரண்டு தடவை படித்தார். எழுந்து, கர்னலின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். பென்சிலில் எழுதியிருந்த தன் கேள்வியின் மேலேயே, தாள் கிழியாத குறையாக அழுத்தி, மையால் எழுதத் தொடங்கினார்.