ஒரு சாண் கிட்டப் போட்ட கோடு

நனைஞ்ச செம்மண்ணுல சுண்ணாம்புப் பொடி விழுந்தா ஒரு வாசனை வரும் பாருங்க, மூக்குக்குள்ள சுர்ருன்னு ஏறும், கண்ணுல தண்ணி முட்டும், ஆனாலும் இன்னொரு தடவ மோந்து பார்க்கணும்னு தோணும். எனக்கு பேஸ்கட்பால்னா அந்த வாசனைதான், பந்துகூட அப்பறம்தான். எங்க வீடு மர்பி டவுன்ல. எங்கம்மா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பொம்பளப் புள்ளைங்க காலேஜுல ஆயா. வீட்ல தனியா விடக்கூடாதுன்னு என்னையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போவாங்க. நான் ஸ்கூல் வாசப்படி மிதிச்சதில்ல, நேரா காலேஜுக்குத்தான் போனேன்னு சொல்லி இன்னைக்கும் எல்லாரையும் சிரிக்க வப்பேன்.

பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்ச கையோட வருஷா வருஷம் அங்க "டோர்னமென்ட்" நடக்கும். ஊர்ல இருக்கற பொம்பளப் புள்ளைங்க காலேஜெல்லாம் வந்து ஒரு கப்புக்காக மோதிக்கும். மொதல்ல நாலே நாலு காலேஜுதான். பார்க்க யாரு வருவாங்க, நாங்களும் காக்காவும்தான். சில புள்ளைங்க தாவணிய இடுப்புல இறுக்கி சொருகிக்கிட்டே ஆடுவாங்க, அப்பறம் சல்வார் வந்துச்சு, அப்பறம் முட்டி வரைக்கும் ஒரு பாவாடை வந்துச்சு, "டிவைடட் ஸ்கர்ட்"னு பேரு, அது வந்த வருஷம் காம்பவுண்டு சுவத்து மேல வரிசையா தலை முளைச்சிருச்சு, எங்கம்மா தொடப்பத்த எடுத்துக்கிட்டு ஓடி ஓடி விரட்டுனாங்க. பாதி ஆட்டத்துல கமலாப்பழம் குடுக்கணும், உப்பு தடவி. உரிச்சுக் குடுத்தா ஆகாது, குறுக்க வெட்டிதான் குடுக்கணும்னு கேம்ஸ் டீச்சர் உத்தரவு. கைல ரெண்டு மூணு வெட்டுத் தழும்பு இருக்கு, காட்டட்டுமா? சரி விடுங்க, கோட்டுக்கு வரேன்.

அப்ப சிமெண்டு தரை கிடையாது, மண்ணுதான். கோடு போடறது தோட்டக்காரர் முனியப்பா. டால்டா டப்பா அடியில ஆணியால ஓட்டை குத்தி, சுண்ணாம்ப ரொப்பி, தட்டித் தட்டிப் போடுவாரு. அளவுக்கு ஒரு நூல் கயிறு, அதுல அங்கங்க சிவப்புத் துணி முடிச்சு. கூடை மாட்டுன போர்டுக்கு நேர் கீழ அடிச்ச முளையில கயிற மாட்டி இழுத்தா, முதல் முடிச்சு எங்க வருதோ அங்கதான் "ஃப்ரீ த்ரோ" கோடு. தப்பாட்டம் ஆடுனா அந்தக் கோட்டுல நின்னுதான் எதிராளி சும்மா பந்து போடுவாங்க, யாரும் தடுக்கக்கூடாது. முனியப்பா கன்னடக்காரரு, எங்ககிட்ட ரெண்டையும் கலந்து பேசுவாரு. "புட்டி, மனுஷன் சுள்ளு ஹேளுவான், கயிறு பொய் சொல்லாது"ம்பாரு. புட்டின்னா சின்னப் பொண்ணு, சுள்ளு ஹேளறதுன்னா பொய் சொல்றது.

அந்தக் கோட்டுக்கு ராணி யாருன்னா வசந்தா அக்கா. எங்க காலேஜு கேப்டன். ஜீவனஹள்ளியில இருந்து விடியக்காலம் நடந்தே வந்து, கிளாஸ் தொடங்கறதுக்குள்ள நூறு பந்து போடும். நான் பந்து பொறுக்கிக் குடுப்பேன். கடைசி பத்த கண்ண மூடிக்கிட்டுப் போடும், அதுலயும் எட்டு உள்ள விழும். "எப்படிக்கா?"ன்னு கேட்டா, "கண்ணு எதுக்குடி, கோடு எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும், கூடை எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்"னு சிரிக்கும்.

அக்காவோட அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. அந்த வருஷம் ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க மைசூருக்குக் கூப்பிட்டிருந்தாங்க. பெரிய சண்டைக்கப்பறம் மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாராம்: "கப்போட வீட்டுக்கு வா, மைசூருக்கு நானே டிக்கெட் எடுக்கறேன். இல்லன்னா பந்த வச்சிட்டு புடவை கட்டிக்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்திருக்காங்க." அக்கா இத என்கிட்ட சொல்லிட்டு, "ஜெயிச்சிருவோம்டி, பேஜார் பண்ணிக்காத"ன்னு எனக்கே தைரியம் சொல்லுச்சு.

ஃபைனலுக்கு முந்தின நாள் பெரிய மனுஷங்கெல்லாம் வராங்கன்னு ஒரே சுத்தம். எங்க குடும்பத்துக்கு ஒரு வியாதி, கைல எது கிடைச்சாலும் துவைச்சிருவோம். எங்கம்மா மழைக்கோட்டக்கூட வெந்நில போட்டவங்க. அம்மா பெஞ்சுத் துணியெல்லாம் சவுக்காரம் போட்டு அண்டாவுல கொதிக்க விட்டாங்களா, நான் பார்த்தேன், முனியப்பாவோட கயிறு கன்னங்கரேல்னு கெடக்கு. அதையும் தூக்கி உள்ள போட்டுட்டேன். வெளுப்பா வந்துச்சு, மல்லிப்பூ சரமாட்டம். ராத்திரி முழுக்க கொடியில காயப் போட்டேன்.

காலையில மழை. பள்ளமா இருக்கற பக்கம் மட்டும் கோடெல்லாம் கரைஞ்சு போச்சு. முனியப்பா நாற்காலி கொண்டார சர்ச்சுக்குப் போயிருந்தாரு. "நீதான் தெனம் பார்க்கறியே, போட்ருடீ"ன்னாங்க அம்மா. எனக்கு வந்த பெருமைய என்னன்னு சொல்ல! கயிற மாட்டி இழுத்தேன். பழைய கோடு லேசா தெரிஞ்சுது, ஆனா முடிச்சு அதுக்கு ஒரு சாண் முன்னாடியே, கூடைப் பக்கமா நின்னுது. எனக்கு என்ன தோணுச்சுன்னா, மழையில கோடு நகந்துருச்சு, கயிறு பொய் சொல்லாதேன்னு. பழைய கோட்ட காலாலயே தேச்சு அழிச்சிட்டு, முடிச்சு சொன்ன எடத்துல நேரா, அழகா ஒரு கோடு இழுத்தேன்.

மொதப் பாதியில நான் கோடு போட்ட பக்கம் எதிர் காலேஜு போட்டுச்சு. அவங்க அடிச்சா அடிச்சதுதான், குறியெல்லாம் கிடையாது, அதனால கோடு மாறுனது தெரியல. ரெண்டாவது பாதியில எங்களுது. முடியறதுக்கு சில நொடிதான், ஒரே ஒரு பாயிண்ட் கம்மி, அக்காவ ஒருத்தி தள்ளிவிட்டா, ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுத்தாங்க. கேட்டுக்கு வெளிய சைக்கிளப் புடிச்சிக்கிட்டு அக்காவோட அப்பா நிக்கறாரு, அன்னைக்குத்தான் மொத தடவ வந்திருந்தாரு. அக்கா கோட்டுல கால வச்சுது. என்னப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுது. போட்டுது. பந்து வளையத்தோட பின்பக்கம் பட்டு டங்குன்னு திரும்பிருச்சு. இன்னொண்ணு. அதே எடம், அதே சத்தம்.

அக்கா அழல. கைய விரிச்சு உள்ளங்கையவே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. சைக்கிளு போயிருச்சு.

மறுநாள் முனியப்பா அந்தக் கயிற மேட்டுப் பக்கத்துக் கோட்டுல வச்சுப் பார்த்தாரு. எட்டல, ஒரு சாண் சுருங்கியிருந்துச்சு. கயிறப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "துவைச்சியா புட்டி?"ன்னாரு. தலையாட்டுனேன். கயிறச் சுருட்டிக்கிட்டே, "பிடு, விட்டுரு, யார்கிட்டயும் சொல்லாத, உங்கம்மா வேலை போயிரும்"னாரு. சொல்லல. ரெண்டு மாசத்துல அக்காவுக்குக் கல்யாணம், எங்கம்மாதான் பாத்திரம் தேய்க்கப் போனாங்க, நான் போகல.

பல வருஷம் கழிச்சு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல அக்காவப் பார்த்தேன், கைல ரெண்டு புள்ளைங்க. அதுதான் கண்டுபுடிச்சுது. "ஏய், கோடு போட்ட பொண்ணுதானே நீ? அன்னைக்கு எவ்வளவு நேரா போட்டிருந்தே! என் கைதான்டி எனக்கு துரோகம் பண்ணிருச்சு, அப்பறம் பந்தத் தொடவே மனசு வரல." எங்கம்மா அப்ப வேலைய விட்டு நின்னாச்சு, முனியப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு. சொல்லியிருந்தா யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழைக்கா, அன்னைக்கு மழை, பந்து வழுக்கிருச்சு"ன்னேன். அக்கா தலைய ஆட்டுச்சு, "இல்லடி, என் கைதான்"னுச்சு.

அதுக்கப்பறம் பார்க்கல. அக்கா தவறிப் போயிட்டாங்கன்னு போன வருஷம் காக்ஸ் டவுன்ல ஒரு சாவு வீட்ல யாரோ பேச்சுவாக்குல சொன்னாங்க.

அந்த டோர்னமென்ட் இன்னும் நடக்குது, இப்ப வைட்ஃபீல்ட் தாண்டி ஒரு காலேஜுல, கூரைக்குக் கீழ, பளபளன்னு மரத்தரையில. என் பேத்தி ஆடறா, நான் கேப் புடிச்சுப் போய் மொத வரிசையில உக்காருவேன், விசிலடிக்கக்கூட கத்துக்கிட்டேன். சுவத்துல ஜெயிச்ச காலேஜு பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. அந்த வருஷத்து மேல விரல வச்சுக் காட்டச் சொன்னேன், வச்சா. ஆடுனவங்க பேரு இல்லியாடின்னு கேட்டேன், இல்லன்னுட்டா.

போன வாரம் பிராக்டீஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம், செருப்பக் கழட்டிட்டுப் போய் பெயிண்டு கோட்டுக்கு ஒரு சாண் உள்ள நின்னேன். "இங்க நின்னு, தரையப் பார்க்காம, எப்பவும் போடற மாதிரியே ரெண்டு போடு கண்ணு"ன்னேன். போட்டா. பந்து பின் வளையத்துல டங்குன்னு பட்டுத் திரும்புச்சு. ரெண்டாவதும்.

"என்ன பாட்டி இது, கிட்ட வந்தா ஈஸியா விழணுமே, என் கைக்கு என்ன ஆச்சு?"

"உன் கைக்கு ஒண்ணும் ஆவல"ன்னேன். இத்தன வருஷத்துல மொத தடவையா சொன்னேன், சொல்லியிருக்க வேண்டிய ஆளுகிட்ட இல்ல. அந்த மண்ணு மேல இப்ப கார் நிறுத்தறாங்க. டால்டா டப்பா, முடிச்சுக் கயிறு ஒண்ணும் இல்ல. இங்க கோடெல்லாம் பெயிண்டுல போட்டுட்டாங்க. குனிஞ்சு கையால தேச்சுப் பார்த்தேன், அழியல.